கொச்சியிலிருந்து பெரிய வாசலுக்கு

சேசு மரி சூசை துணை

சூசைபுரம், ஆலங்குடி வழி
12.1.1954

அன்புள்ள மாப்பிள்ளை செல்லமுத்துவுக்கு ஞானமணி எழுதுவது. உன் அக்கா அடைக்கலமேரியும் நானும் மகள் லூர்துமேரியும் மாதா புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். சிலோனில் அட்டன் தேயிலைத் தோட்டத்துக் குளிருக்கு உன் இருமல் எப்படி இருக்கிறது, உன் மனைவி பாக்கியத்துக்கு முழங்கால் வலி தணிந்ததா என்று எழுது.

நிற்க. லூர்துவுக்குக் கலியாணம் முடிவாகிவிட்டது. பையன் திருச்சியில் பள்ளிக்கூட வாத்தியார். அளந்துதான் பேசுகிறான், அதுவே போதும். பாஸ்குத் திருநாள் முடிந்து மே மாதம் மூன்றாம் தேதி திங்கட்கிழமை பூசை. அவளுக்குத் தாய்மாமன் நீ ஒருவன்தான். சேலை எடுத்துக் கொடுத்து, கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப் போக வேண்டியவன் நீ. பதினாறு வருஷமாக லீவு இல்லை, லீவு இல்லை என்றே எழுதிவிட்டாய். இந்தத் தடவை அந்தப் பல்லவி செல்லாது.

இன்னொன்று. ஒரே பிள்ளையைப் பக்கவாசல் வழியாகக் கொண்டுபோய், நம்மைப் பிரித்து அடைத்த கிராதிக்கு இந்தப் பக்கம் இடது மண்டபத்தில் முழங்கால் போட வைத்துத் தாலி கட்ட எனக்கு மனசில்லை. மேலத்தெருப் பிள்ளைகள் மட்டும் பெரிய வாசலில் நுழைவார்கள், கீழத்தெரு என்றால் பக்கவாசல். இது யார் எழுதி வைத்த சட்டம்? இன்றைக்கு இந்தப் பக்கத்து முந்திரிக்கொட்டையில் பாதி என் கிடங்கு வழியாகத்தான் கொச்சிக்குப் போகிறது. கோயிலுக்குப் புது மணி வாங்கிக் கொடுக்கிறேன், பெரிய வாசலைத் திறந்துவிடுங்கள் என்று மேலத்தெரு நாட்டாமை சவரிநாயகத்திடம் கேட்டிருக்கிறேன். மணி என்றதும் அந்த ஆள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. காரியம் நடக்கும்.

கொட்டை சீசனுக்கு முன்னால் நானும் உன் அக்காவும் கொச்சி போகிறோம். பாப்பரசர் அறிவித்த மாதா வருஷமாக இருப்பதால் வள்ளார்பாடத்து மாதாவைப் பார்த்தே ஆக வேண்டுமாம் அவளுக்கு. எனக்கு அங்கே பாக்டரிக்காரர்களைப் பார்க்க வேண்டும். பாதி வேண்டுதல், பாதி வியாபாரம். மாதாவுக்கு இதெல்லாம் புரியும்.

பதில் எழுது.

உன் மச்சான்
ஞானமணி

-

அட்டன்
25.1.1954

மதிப்புக்குரிய மச்சானுக்குச் செல்லமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இருமல் பரவாயில்லை. பாக்கியமும் சுகமே. உங்கள் சுகங்களைக் கேட்டு மகிழ்ந்தோம்.

லூர்துவுக்குக் கலியாணம் என்றதும் பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாங்கள் ஊரை விட்டுப் புறப்பட்ட அன்றைக்கு அவள் தொட்டிலில் கிடந்த குழந்தை. தாய்மாமன் சேலையைக் கொழும்பில் எடுத்து, ஊருக்கு வரும் தெரிந்த ஆள் வசம் அனுப்பி வைக்கிறேன். நான் வருவது மட்டும் சந்தேகம். மே மாதம் தோட்டத்தில் கணக்கப்பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பது கஷ்டம்.

வாசல் விஷயம் எழுதியிருந்தீர்கள். எந்த வாசலில் நுழைந்தால் என்ன, பூசை பூசைதானே.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள்
செல்லமுத்து

-

எர்ணாகுளம்
6.2.1954

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்துக் கட்டிலில் உன் அக்கா காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, நான் எழுதுவதை வாசித்துக் காட்டச் சொல்கிறாள். உடம்புக்கு இருவருக்கும் ஒன்றுமில்லை. தேங்காயெண்ணெய்ச் சமையல்தான் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

இடைப்பள்ளியில் ஜார்ஜியார் கோயில் பார்த்தோம். கொடுங்கல்லூரில் தோமையார் கரையேறிய இடம் என்று காட்டிய ஆற்றங்கரையில் உன் அக்கா தண்ணீர் மொண்டு தலையில் தெளித்துக்கொண்டாள். நேற்று படகேறி வள்ளார்பாடம் போனோம். அங்கே நடந்த ஒன்றைச் சொன்னால் சிரிப்பாய்.

கோயில் பெரிசு. பூசை ஆரம்பமாகப் போகிறது. நானும் உன் அக்காவும் எதிரே விரியத் திறந்து கிடந்த பெரிய வாசலை விட்டுவிட்டு, சுவரோரமாகவே நடந்து கோயிலை ஒரு சுற்றுச் சுற்றினோம். எதற்கு? பக்கவாசலைத் தேடி! யாரும் சொல்லவில்லை, கால்கள் தாமாகப் போய்விட்டன. பின்பக்கம் ஒரு சின்னக் கதவு. திறந்தால் சாமியார் உடுப்பு மாற்றும் அறை. கோயில்பிள்ளை ஓடி வந்து என்ன வேண்டும் என்றான். எனக்கு வாய் குழறி, "எங்க எடம் எங்கிட்டு?" என்று கேட்டுவிட்டேன். அவனுக்குப் புரியவில்லை. மலையாளத்தில் மறுபடி கேட்டேன். அப்போதும் புரியவில்லை. "எடம்னா? உட்காருற எடந்தான். போய் உட்காருங்க" என்கிறான்.

உள்ளே கிராதி கிடையாது. உன் அக்கா நேரே முன்னால் போய்ப் பீடத்துக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டாள். நான் தூணோரம் நின்றேன். பூசை முடிந்து வெளியே வரும்போது அவள் கேட்டாள்: "கடையில நம்மளை யாரும் ஏமாத்த முடியாதுன்னு சொல்வீங்களே. முப்பது வருசமா நம்மளை நாமளே ஏமாத்தியிருக்கோம், தெரியுதா?"

நான் படகுக்காரனோடு கூலி பேசப் போய்விட்டேன்.

ஞானமணி

-

எர்ணாகுளம்
8.2.1954

மாப்பிள்ளைக்கு, முந்தாநாள்தான் எழுதினேன். இன்றைக்குப் பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை, அதனால்தான் இன்னொரு காகிதம். சுகம் விசாரிப்பு அதிலேயே அடங்கியது.

யூதர்களுடைய கோயிலைப் பார்த்தோம். பாக்டரிக்காரர் ஒருவர்தான் வழி சொன்னார். நம் வேதாகமத்தில் வரும் மோயீசன், தாவீது, சாலமோன் எல்லோருடைய சனங்கள்தான் இவர்கள், ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இங்கேயே இருக்கிறார்கள் என்றதும் உன் அக்கா விடவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றினோம். நான் வழக்கம்போலத் தலைத்துண்டையும் அவிழ்த்து இடுப்பில் கட்டினேன். உள்ளே இருந்து ஒரு கிழவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். என்ன தப்புச் செய்துவிட்டோமோ என்று பயந்து போனேன். அவர் என் இடுப்புத் துண்டை உருவி என் தலையிலேயே போட்டார். "ஆண்டவன் முன்னால தலையை மூடிட்டுத்தான் நிக்கணும். இங்க யாருக்கும் இடுப்புல துண்டு கெடையாது" என்றார். தமிழ்! பாலக்காட்டில் புத்தகம் பைண்டு பண்ணிப் பிழைத்தவராம். பேர் ஏலியா.

கண்ணாடி விளக்குகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. நடுவில் பித்தளைக் கிராதி கட்டிய மேடை. கிராதியைப் பார்த்ததும் உன் அக்கா பின்வாங்கினாள். ஏன் என்று ஏலியா கேட்க, அவள் நம் ஊர் சமாசாரத்தை அப்படியே கொட்டிவிட்டாள். முன்பின் தெரியாத மனுஷனிடம்!

அவர் சிரிக்கவில்லை. தம்முடைய சனங்களிலும் அப்படி உண்டு, அடிமையாக இருந்து விடுதலையான குடும்பம் என்று சொல்லிச் சிலரை உள்ளே உட்கார விடாமல் வெளி அறையில் தரையில் உட்கார வைத்தார்கள், தம் குடும்பமும் அதில் ஒன்று என்றார். "அப்புறம் எப்படி?" என்று கேட்டேன். "ஒண்ணும் பண்ணல. படியில உட்கார்ந்தோம். உள்ள போறவன் எங்களைத் தாண்டித்தானே போகணும். தாண்டுற ஒவ்வொருத்தனும் எங்க மூஞ்சியைப் பார்த்துத்தானே தாண்டணும். ரொம்ப வருசம் ஆச்சு. கடைசியில அவங்களுக்கே கூசிப்போச்சு" என்றார்.

இப்போது அவருடைய ஆட்கள் கூட்டம் கூட்டமாக இஸ்ரேலுக்குக் கப்பலேறுகிறார்கள். இவரும் ஆடி மாசம் போகிறார். என் வாய் சும்மா இருக்குமா? "இம்புட்டுப் பாடுபட்டு வாங்கின எடத்தை விட்டுட்டுப் போறீங்களே, நட்டந்தானே?" என்றேன். அதற்கு அவர், "எடத்தை வாங்கிட்டுப் போனா அது பயணம். வாங்காமப் போனா அது ஓட்டம்" என்றார்.



ஞானமணி

-

சூசைபுரம்
9.3.1954

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, நாங்கள் சுகமாக ஊர் வந்து சேர்ந்தோம். உன்னிடமிருந்து ஒரு மாசமாகக் கடுதாசி இல்லை. உனக்கோ பாக்கியத்துக்கோ உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் எழுது.

கொச்சிக் கடிதத்தில் அந்தக் கிழவர் ஓட்டம் என்று சொன்னதை எழுதியிருந்தேன். அதைப் படித்து நீ வருத்தப்பட்டிருப்பாய் என்று உன் அக்கா என்னை ஏசுகிறாள். அவர் சொன்னது அவர்களுடைய கதை. உன்னை நினைத்து நான் எழுதவில்லை.

மணி விஷயம் கேள். மணியை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். சவரிநாயகம் என்ன சொன்னார் தெரியுமா? "மணிச் சத்தம் ரெண்டு தெருவுக்கும் பொதுவாத்தானேப்பா கேக்குது. வாசல் வழக்கம் வேற." கொடுத்த சரக்குக்கு இப்படி ஒரு பதிலை என் வாழ்க்கையில் நான் கேட்டதில்லை.

பாஸ்குவுக்கு முந்திய தபசுகாலம் தொடங்கி முதல் ஞாயிறு உன் அக்கா பூசைக்குப் போனாள். பக்கவாசலுக்குப் போகவில்லை. பெரிய வாசலின் மேல்படியில் உட்கார்ந்து செபமாலையை எடுத்துவிட்டாள். தனியாக! மேலத்தெருக்காரர்கள் சேலையைத் தூக்கிக்கொண்டும் வேட்டியை மடித்துக்கொண்டும் அவளைச் சுற்றி ஒதுங்கி உள்ளே போனார்கள். ஒருத்தி, "அடைக்கலம், ஒனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாளாம். "நல்லாத்தான் இருக்கு. நீ போ, பூசை ஆரம்பிச்சிரும்" என்றாளாம் இவள்.

நான் வேப்பமரத்தடியில் நின்றேன். சீசன் தொடங்கிவிட்டது, மேலத்தெருவில் பாதிப்பேர் எனக்குக் கொட்டை போடுகிறவர்கள். வேண்டுமானால் கொள்முதலை நிறுத்தி ஒரே வாரத்தில் இவர்களை வழிக்குக் கொண்டுவரலாம் என்றேன். அதற்கு உன் அக்கா, "கொட்டையைக் காட்டித் தொறக்குற கதவு, கொட்டை விலை எறங்குனா மூடிக்கும்" என்கிறாள். அவளோடு பேசி ஜெயிக்க முடியாது.

உடனே பதில் போடு.

ஞானமணி

-

சூசைபுரம்
22.3.1954

ஆசைத் தம்பிக்கு அக்கா அடைக்கலமேரி எழுதுவது. மாதா உன்னையும் பாக்கியத்தையும் குறைவில்லாமல் காக்கட்டும். என் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், பொறுத்துப் படி.

உன் மச்சான் எல்லாம் எழுதுவார், ஒன்றை மட்டும் எழுத மாட்டார். அதை நான் எழுதுகிறேன். உன் கலியாணத்தன்று மாலையும் கழுத்துமாக நீயும் பாக்கியமும் பெரிய வாசல் படியேறினீர்கள். சவரிநாயகம் குறுக்கே கையை நீட்டினார். நீ அசையாமல் நின்றாய். உனக்குப் பின்னால் நாங்கள் நாற்பது பேர். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. அப்போது உன் தோளைப் பிடித்து, "விடு மாப்பிள்ளை, நல்ல நேரம் போகுது, பக்கவாசலாப் போயிருவோம்" என்று திருப்பினது யார்? உன் மச்சான்தான். சவரிநாயகம் கையைவிட அந்தக் கைதான் உன்னை அட்டனுக்குத் தள்ளியது. எனக்குத் தெரியும் தம்பி. இத்தனை வருஷமாக நானும் சேர்ந்துதான் ஊமையாக இருந்தேன்.

நேற்று மூன்றாவது ஞாயிறு. படியில் நாங்கள் பதினேழு பேர். நம் தெரு மூக்காயி, கண்ணாத்தாள், அவள் மருமகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். நடுவில் ஒருத்தர் நடக்க மட்டும் இடம் விட்டிருக்கிறோம். சாமியார் தாண்டும்போது தலையைக் குனிந்துகொள்கிறார். உன் மச்சான் இன்னும் வேப்பமரத்தடியில்தான். அடுத்த வாரம் மரமே அவரிடம் வாடகை கேட்கும் என்று கண்ணாத்தாள் கேலி பண்ணுகிறாள்.

லூர்து உன்னைக் கேட்டபடியே இருக்கிறாள். வருவதும் வராததும் உன் இஷ்டம். ஆனால் லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதாதே.

அக்கா

-

அட்டன்
29.3.1954

அன்பான அக்காவுக்கு, சுகம். கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன், பாக்கியம் நாலு தடவை படித்தாள்.

நீ எழுதியது சரி. ஆனால் அதை எழுத வேண்டியவர் நீ இல்லை. மச்சான் எழுதட்டும். அவர் எங்கே நிற்கிறார் என்பதையும் அவரே எழுதட்டும்.

உன் தம்பி
செல்லமுத்து

-

சூசைபுரம்
12.4.1954

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, நாங்கள் எல்லோரும் சுகம். இப்படி ஒரு சுகம் இதுவரை கண்டதில்லை என்றே எழுத வேண்டும். ஆனால் முதலில் எழுத வேண்டியதை முதலில் எழுதுகிறேன்.

உன் தோளைத் திருப்பினவன் நான். அன்றைக்கு எனக்கு ஆலங்குடிச் சந்தையில் ஒரு தராசும் நாலு சாக்கும்தான் சொத்து. மேலத்தெருவைப் பகைத்தால் எவனும் சரக்குப் போடமாட்டான் என்று பயந்தேன். நல்ல நேரம் போகிறது என்றது பொய். பதினாறு வருஷமாக இதை எழுதாததும் பயம்தான். நீ அக்காவுக்கு எழுதியதை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். அடுத்த ஞாயிறு, அதாவது நாலாம் தேதி, வேப்பமரத்தை விட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கல் அப்படியொன்றும் சூடு இல்லை. மூக்காயி, "வாங்க முதலாளி, எடம் போட்டு வச்சிருந்தோம்" என்றாள்.

இனி நேற்றைய சங்கதி. குருத்து ஞாயிறு. உனக்கே தெரியும், தென்னங்குருத்தை மந்திரித்துப் பிடித்துக்கொண்டு தெருக்கோடியிலிருந்து பவனி வரும், பெரிய கதவைச் சாத்தி வைத்திருப்பார்கள். உள்ளே நாலு பேர் பாட, வெளியே மற்றவர் பாட, சிலுவையின் அடித்தண்டால் கதவைத் தட்டினால்தான் திறப்பார்கள். கீழத்தெரு பவனியின் வாலில் வந்து, அந்த நேரத்தில் பக்கவாசலுக்குப் பிரிந்து போவது வழக்கம்.

நேற்று நாங்கள் பவனியில் போகவில்லை. கீழத்தெரு மொத்தமும், அறுபது எழுபது பேர், குருத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விடிந்ததிலிருந்தே படியில் உட்கார்ந்துவிட்டோம். ஒற்றை ஆளுக்குக்கூட நடுவில் இடம் கிடையாது. இடம் விடக் கூடாது என்று யாரும் முடிவு பண்ணவில்லை, கூட்டம் அப்படி. பவனி வந்து முட்டி நின்றது. சவரிநாயகம் முன்னால் வந்தார்.

"எந்திரிங்க, எந்திரிங்க! சாமி உள்ள போகணும்."

உன் அக்கா கதவில் முதுகைச் சாய்த்து மேல்படியில் இருந்தாள். அங்கிருந்தே, "நாங்களும் உள்ள போகத்தான் இருக்கோம். கதவைத் தட்டச் சொல்லுங்க. தொறந்ததும் எந்திரிக்கிறோம்" என்றாள்.

"சிலுவை எப்படிம்மா அங்கிட்டு வரும்? வழி வேணாமா?"

 வெயில் ஏறிவிட்டது. சாமியாருக்குக் கனமான உடுப்பு, வேர்த்து ஒழுகுகிறது. அவர் சவரிநாயகத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சிலுவை பிடித்தவன் கையிலிருந்து அதை வாங்கி, முதல் படியில் இருந்த மூக்காயியிடம் நீட்டினார். "மேல குடுத்து விடும்மா. கதவுகிட்ட யாரு இருக்காங்களோ அவங்க தட்டட்டும். பூசைக்கு நேரமாகுது" என்றார்.

மாப்பிள்ளை, அந்தச் சிலுவையை அதுவரை கீழத்தெருவில் ஒருத்தரும் தொட்டதில்லை. மூக்காயி கையிலிருந்து கண்ணாத்தாள் கைக்கு, அவளிடமிருந்து என் கைக்கு. நான் உன் அக்காவிடம் கொடுத்தேன். அவள் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரும்பித் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டில் உள்ளே பாட்டே நின்றுபோயிற்று. அவ்வளவு பலமாகத் தட்டினாள்! கதவு திறந்தது. திறந்தவன் சவரிநாயகத்தின் மருமகன். முன்னால் நின்றவர்கள் நாங்கள், அதனால் முன்னால் நுழைந்தவர்களும் நாங்கள்தான். பின்னால் வந்த மேலத்தெருக்காரர்கள் இடமில்லாமல் கிராதியைத் தாண்டி இடது மண்டபத்தில் போய் உட்கார்ந்தார்கள். காற்றே வரவில்லை என்று புகார் வேறு!

பூசை முடிந்ததும் சாமியார் கிராதியைக் கழற்றச் சொல்லிவிட்டார். இன்றைக்குக் காலையில் சவரிநாயகம் கிடங்குக்கு வந்தார். "கொட்டை எடுப்பியாப்பா?" என்றார். "எடைதான் பாப்பேன், தெருவைப் பாக்க மாட்டேன்" என்றேன்.

வா மாப்பிள்ளை. பாக்கியத்தோடு வா. என் கையைப் பிடித்துத் திருப்ப வேண்டுமானாலும் திருப்பு.

ஞானமணி

-

அட்டன்
19.4.1954

மச்சானுக்கு. பாஸ்கு வாழ்த்து. ஏப்ரல் முப்பதாம் தேதி போட் மெயில் ரயிலில் புதுக்கோட்டை வந்து இறங்குகிறோம், இரண்டு பேரும். லீவு கேட்டதும் துரை கொடுத்துவிட்டார். உண்மையில் இதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

செல்லமுத்து

-

சூசைபுரம்
20.5.1954

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, நீங்கள் சேதாரமில்லாமல் போய்ச் சேர்ந்த கடுதாசி கிடைத்தது. இங்கே உன் அக்காவுக்கு வீடு வெறிச்சென்று இருக்கிறதாம். அதற்காக என்னோடு சண்டை போட்டுப் பொழுதைப் போக்குகிறாள்.

 பெரிய வாசலில் நீ லூர்துவின் கையைப் பிடித்து நுழைந்தபோது, பின்னால் வந்த திருச்சிச் சம்பந்திகளுக்கு இதில் என்ன விசேஷம் என்றே தெரியவில்லை. கோயிலுக்குள் நுழைவதற்கு இந்த ஊர்க்காரர்கள் ஏன் இப்படி மூக்கைச் சிந்துகிறார்கள் என்று மருமகனின் அம்மா கேட்டாராம். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு கேள்வி. பூசை முடிந்து எல்லோரும் பந்திக்கு வந்தோம். முதல் இலையில் உன்னையும் பாக்கியத்தையும் உட்கார வைக்க ஆள்விட்டுத் தேடினேன். மூன்று பந்தி முடிந்தது, உங்களைக் காணோம். நாலாவது பந்திக்கு வேர்த்து விறுவிறுத்து வந்தீர்கள். பாயாசம் தீர்ந்துவிட்டது. தாய்மாமனுக்குப் பாயாசம் இல்லை என்று ஊரே என்னைக் கேலி செய்கிறது. எங்கே போயிருந்தீர்கள்?

ஞானமணி

-

அட்டன்
31.5.1954

அன்புள்ள மச்சானுக்கு, செல்லமுத்துவும் பாக்கியமும் எழுதுவது. எங்கள் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. அக்காவோடு ரொம்பச் சண்டை போட வேண்டாம்.

கேட்டதற்குச் சொல்கிறேன். நீங்கள் பந்திக்குப் போன பிறகு நாங்கள் கோயிலுக்குத் திரும்பிப் போனோம். பெரிய கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கோயில்பிள்ளை மட்டும் உதிர்ந்த பூவைக் கூட்டிக்கொண்டிருந்தார். "என்னய்யா, எதையும் விட்டுட்டுப் போயிட்டீங்களா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். "தேடிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் கூட்டினார்.

பாக்கியம் வெளியே போய்ப் படிக்குக் கீழே நின்றாள். நானும் போய் அவள் பக்கத்தில் நின்றேன். சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேருமாகப் படியேறினோம். வாசலைத் தாண்டினோம். பீடத்தைப் பார்த்து நடந்தோம்.

நாலு அடி வைத்ததும் அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "நம்ம கலியாணத்தன்னைக்குத்தான் யாரோ தொரத்துற மாதிரி விறுவிறுன்னு நடந்தீங்க, நானும் ஓடி வந்தேன். இன்னைக்காவது மெல்ல நடங்க. இனிமே யாரு வந்து நிறுத்தப் போறா?" என்றாள்.

அதனால், மச்சான், மிகவும் மெதுவாக நடந்தோம். அவளுக்கு முழங்கால் வலி வேறு. பீடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நீங்கள் மூன்று பந்தி போட்டு முடித்துவிட்டீர்கள். பாயாசத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

தங்கள் மாப்பிள்ளை
செல்லமுத்து